மறுநாள் பேசும் இரும்பு

மலையகத்தில் இரண்டு பொருட்களுக்கு மூடுபனி ஆகவே ஆகாது. ஒன்று தேயிலைத் தூள். மற்றது வெல்டிங் குச்சி.

தூளின் கதை எல்லோருக்கும் தெரியும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஸ்டோரில் அதை வாட்டி, ரோலரில் அரைத்து, புளிக்க வைத்து, கடைசியில் டிரையருக்குள் அனுப்பி, ஏறத்தாழ 3 சதவீத ஈரம் மட்டும் மிஞ்சும்வரை காயவைக்கிறார்கள். அத்தனை பாடுபட்டு விரட்டிய ஈரம், தூளைத் திறந்து வைத்தால் மழைநாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரத் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியது இதற்காகத்தான்.

குச்சியின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ மெயின் ரோட்டோரம் உள்ள எந்தப் பட்டறைக்கும் போய்ப் பாருங்கள். பொக்ஸ் பார்கள் சுவரில் சாய்ந்திருக்கும். பாதி செய்த கேட் ஒன்று வாசலை மறித்துக் கிடக்கும். வாய் கிழிந்த குச்சிப் பொட்டலம் ஒன்று தட்டில் திறந்தபடி இருக்கும். கொஞ்சம் கீழே, வட்டவளைப் பக்கம், ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டுகிறது. மேலே 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவில் மழை அதைவிடக் குறைவு, ஆனால் மேகமே தெருவில் நடக்கும். இந்தக் காற்றில் துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயாது. அந்தக் குச்சி மட்டும் காய்ந்தபடி இருக்குமா?

இருக்காதுதான். ஆனால் அதனால் என்ன என்றும் கேட்கலாம். குச்சி நுனியில் எரிவது சாதாரண நெருப்பில்லை. அந்த மின்வில்லின் வெப்பம் 6,000 பாகை செல்சியஸைத் தொடும். சூரியனின் மேற்பரப்பை விடச் சூடு. மேல்பூச்சில் ஒட்டியிருக்கும் இத்துணூண்டு ஈரம் அதில் ஒரு நொடி தாங்குமா, ஆவியாகிப் போய்விடாதா?

போய்விட்டால் நல்லது. அது ஆவியாவதோடு நிற்பதில்லை.

குச்சியின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நடுவே இரும்புக் கம்பி, சுற்றிலும் மண் பூசியதுபோல ஒரு மேல்பூச்சு. இந்தப் பூச்சைக் கண்டுபிடித்தவர் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கார் ஷெல்பெரி, கப்பல் எஞ்சினியர். நீராவிக் கொதிகலன்களின் ஆணி மூட்டுகள் ஒழுகுவதைப் பார்த்து அலுத்துப்போய் 1900களின் தொடக்கத்தில் அவர் இதில் இறங்கினார். வெறுங்கம்பியால் வெல்ட் செய்தால் உருகிய இரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் குடித்து நொறுங்கலாகிவிடும். பூச்சு எரிந்து புகைக் குடை பிடித்தால், உருகிய குட்டைக்குக் காற்றுப் படாது. மேலே கசடாகப் படிந்து, ஆறும்வரை போர்வையாகவும் இருக்கும். இன்றைக்கும் எந்தப் பட்டறையிலும் சுத்தியலால் தட்டி எடுக்கிறார்களே, அந்தக் கறுத்த ஓடு அந்தப் போர்வைதான். சங்கடம் என்னவென்றால், இந்தக் கனிமப் பொடிகளைக் கம்பியில் ஒட்ட வைக்கும் பசை சோடியம், பொட்டாசியம் சிலிக்கேட். அது ஈரத்தைக் கண்டால் விடாது.

அந்த ஈரம் மின்வில்லுக்குள் போகும்போது தண்ணீர் மூலக்கூறே உடைந்து, ஐதரசன் தனித்தனி அணுவாகிறது. உருகிய இரும்பு ஐதரசனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும், சூடான தேநீர் சீனியைக் கரைப்பதுபோல. இரும்பு உறைந்ததும் அந்தத் தாராளம் போய்விடுகிறது. உள்ளே வந்தது எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஆனால் ஐதரசன் அணு மிகச் சிறியது. உறைந்த இரும்பின் அணுக்களுக்கு இடையிலும் அதற்கு நடந்து போக வழியுண்டு. கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகும், கெட்டி உருக்கின் உள்ளே அது நடந்துகொண்டேதான் இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். சற்றுமுன் வெல்ட் செய்த துண்டைக் கிளிசரினில் மூழ்க வைத்தால், ஆறிக் குளிர்ந்த இரும்பிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். பத்து நிமிடத்தில் முடிகிற காரியமில்லை. மணிக்கணக்காக, ஒரு நாள் தாண்டியும் வரும். வெல்டில் எவ்வளவு ஐதரசன் என்று அளப்பதற்கே இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். இதன் முதல் சாட்சி இன்னும் பழையது. 1875இல் வில்லியம் ஜோன்சன் என்ற ஆங்கிலேயர், அமிலத்தில் ஊறிய இரும்புக் கம்பி சட்டென்று ஒடிவதையும், ஒடிந்த முகத்தை நனைத்தால் அது நுரைப்பதையும் கண்டு லண்டன் ரோயல் சொசைட்டிக்கு எழுதினார். மின்வில் வெல்டிங் என்ற தொழிலே பிறக்காத காலம் அது.

நடந்து போகிற ஐதரசன் வெளியே போய்விட்டால் கேடில்லை. தடித்த உருக்கில் வெளியே போகும் வழி நீளம். அது உள்ளேயே, எங்கே இழுவிசை அதிகமோ, எங்கே இரும்பு சடாரென்று ஆறிக் கடினப்பட்டிருக்கிறதோ, அங்கே போய்க் கூடுகிறது. வெல்டை ஒட்டிய ஓரம் இரண்டுக்கும் பேர்போன இடம். அங்கே ஒரு மயிரிழை விரிசல் பிறக்கிறது. எப்போது? வெல்டர் கசடு தட்டி, பூச்சடித்து, காசு வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கும்போது. சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்வரை ஆகலாம். அதனால்தான் தடித்த, வலிமை கூடிய உருக்கு வேலைகளில் வெல்ட் முடிந்தவுடன் செய்யும் பரிசோதனையை யாரும் நம்புவதில்லை. 48 மணி நேரம் கழித்தே பார்க்க வேண்டும் என்று பல விதிமுறைகள் சொல்கின்றன.

லக்சபான நீர்மின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே மஸ்கெலியா, கெஹெல்கமு ஆறுகளின் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். பழைய லக்சபான நிலையம் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. அங்கே மலையிலிருந்து தண்ணீரைக் கீழே இறக்குவது உருக்குக் குழாய். ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் குழாய்ச் சுவரின் ஒரு சதுர சென்டிமீற்றர் மீது ஏறத்தாழ 10 கிலோ பாரம் கூடும். பல நூறு மீற்றர் இறங்கும் அப்படியொரு குழாயில் தூங்கி எழும்பி விரியும் விரிசல் என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படிப்பட்ட விரிசல் என்ன செய்யும் என்பதை மெல்பர்ன் நகரத்தார் பார்த்துவிட்டார்கள். அங்கே கிங் வீதிப் பாலம் 1961இல் திறக்கப்பட்டது. 1962 யூலை 10, குளிர்கால நாள். 45 டன் லொறி ஒன்று ஏறியது. தாங்கு உத்திரங்கள் பிளந்து பாலம் தொய்ந்தது. கீழே இருந்த சுவர்கள் தாங்கிக்கொண்டதால் உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தபோது, உத்திரங்களின் வெல்டு ஓரத்தில் பட்டறையிலேயே விரிசல்கள் பிறந்திருந்தது தெரிந்தது. பூச்சுக்கு அடியில், ஓராண்டுக்கு மேல், யார் கண்ணிலும் படாமல் அவை இருந்திருக்கின்றன.

இதற்கு மருந்து தேயிலைக்காரர்களுக்குப் புதிதில்லை: வறுக்க வேண்டும். 7018 என்று எண் போட்ட குச்சி, ஐதரசன் குறைவாக இருக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. ஈரம் பட்டிருந்தால் அதை 350 பாகை அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் சூளையில் வைத்து, பிறகு 120 பாகைப் பெட்டிக்கு மாற்றி, தேவைக்கு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுத்து வெளியே வைத்தால் நாலு மணி நேரம்தான் கெடு. வெல்ட் செய்யும் இரும்பையும் முன்கூட்டிச் சூடாக்கினால், அது மெல்ல ஆறும்; ஐதரசன் ஓடிப்போக அவகாசம் கிடைக்கும். இரும்பிலுள்ள துருவும் ஈரம்தான், எண்ணெயும் பூச்சும் ஐதரசன்தான்; கம்பித் தூரிகைக்கு வேலை கொடுக்காமல் குச்சியை மட்டும் வறுத்துப் பயனில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஹட்டன் பட்டறைக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அவர்கள் பிடிப்பது 6013. மெல்லிய, காபன் குறைந்த இரும்பில் ஐதரசன் வந்த வழியே போய்விடும், இழுவிசையும் அதிகமில்லை. அதை 350 பாகையில் வறுத்தால் பூச்சுக்குத் தேவையான கொஞ்ச ஈரமும் போய்க் குச்சி கெட்டுவிடும். நமத்துப்போயிருந்தால் 100 பாகைக்குச் சற்று மேலே காயவைத்தால் போதும். தூளையும் கருக்கக் கூடாதல்லவா? லொறியின் சேசி, டிராக்டர் கொக்கி, பாரந்தூக்கியின் கை என்று தடித்த வேலை வரும்போதும் அதே தட்டிலிருந்து அதே நமத்த குச்சியை எடுப்பதுதான் பிழை.

ஸ்டோருக்குள் இருக்கும் பழைய இயந்திரங்கள் வேறு சாதி. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டபோது, பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் இலையைத் தேய்த்தார்கள். பிறகு வில்லியம் ஜக்சனின் ரோலர்களும், பெல்பாஸ்டிலிருந்து டேவிட்சனின் சிரொக்கோ டிரையர்களும் கப்பலேறி வந்தன. சுழலும் பெரிய சக்கரத்துக்குத் தோட்டத்து மக்கள் வைத்த பெயர் ரோதை. அதற்குக் காவலாக ரோதை முனி என்று ஒரு சாமியையே வைத்துப் படையல் போட்டார்கள். கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரத்தோடு நாள் முழுதும் நிற்பவர்களுக்கு அந்தப் பயபக்தி இயல்பு.

இந்தப் பழைய இயந்திரங்களின் சட்டங்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. உருக்கில் காபன் கால் சதவீதம் என்றால் இதில் மூன்று, மூன்றரை. அந்தக் காபன் இரும்புக்குள் காரீயச் செதில்களாகப் படிந்து கிடக்கும். போகலைச் சுரங்கத்தில் தோண்டுகிறார்களே, அதே காரீயம். அழுத்தினால் மலைபோல நிற்கும், அதிர்வையும் விழுங்கிக்கொள்ளும். இழுத்தாலோ செதில் வழியாகப் பிளக்கும். உடைந்த துண்டு எந்த இரும்பு என்று தெரியாவிட்டால் கிரைண்டரில் வைத்தால் அதுவே சொல்லும்: சாதாரண இரும்பு நீண்ட மஞ்சள் பொறியாகச் சிதறும், வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பு, கட்டை.

இதில் சாதாரணக் குச்சியைப் பிடித்தால் வெல்ட் ஆறும்போதே ‘டிக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வெல்டின் பக்கத்தில் புது விரிசல். இங்கே தாமதமெல்லாம் கிடையாது. காபன் மிகுந்த இரும்பு சட்டென்று ஆறும்போது கண்ணாடிபோலக் கடினமாகி, சுருங்கும் இழுப்பைத் தாங்காமல் வெடிக்கிறது. அதனால் நிக்கல் குச்சி. நிக்கல் காபனோடு சேர்ந்து கடினப்படாது, மெத்தென்று வளைந்து கொடுக்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சில் இழுக்காமல், போட்டவுடன் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, கை வைக்கலாம் என்ற சூடு வந்த பிறகே அடுத்த அங்குலம். முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆற விடுவார்கள். விறகு எரிக்கும் ஸ்டோரில் சாம்பலுக்கா பஞ்சம்? பொறுமை இல்லாதவன் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே ஸ்டோருக்குச் செய்யும் உபகாரம்.

தாமதமாகப் பேசுவது இரும்பு மட்டுமில்லை, உடம்பும் அப்படித்தான். கண்ணாடி இல்லாமல் ஒட்டும் இடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. மின்வில்லின் கழியூதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கும். அந்தக் கலங்கள் உதிர்ந்து நரம்பு நுனிகள் வெளிப்பட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நடுச்சாமத்தில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல எரிந்து, நீர் கொட்டும். வெல்டரை விடப் பக்கத்தில் இரும்பைப் பிடித்து நிற்கும் பையனுக்கே இது அதிகம் வருகிறது. முகமூடி ஒன்றுதான், அது மேஸ்திரியிடம். கண்மீது உருளைக்கிழங்கை அரிந்து வைப்பது கைவைத்தியம். குளிர்ச்சி இதம் தரலாம், ஆனால் தோல் உரிந்த கண்ணில் தோட்டத்து மண் ஒட்டிய கிழங்கை வைத்துக் கிருமியை அழைக்க வேண்டாம். கறுப்புக் கூலிங் கிளாசும் போதாது. 10, 11 எண் கொண்ட வெல்டிங் கண்ணாடிதான் காக்கும்.

ஜி.ஐ. பைப்பும், பழைய லயத்துக் கூரைத் தகரமும் வேறொரு வஞ்சகம் வைத்திருக்கின்றன. அவற்றின்மேல் பூசியிருப்பது நாகம். இரும்பு உருக 1,500 பாகை வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். வெள்ளைப் புகையாகக் கிளம்பும் அதை உள்ளிழுத்தவருக்கு வேலை முடியும்வரை சுகக்கேடு எதுவும் தெரியாது. நாலு முதல் பத்து மணி நேரம் கழித்து நாக்கில் உலோகச் சுவை, குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. ஒன்றிரண்டு நாளில் தானே விட்டுவிடும். தினமும் சுவாசிப்பவருக்கு உடம்பு பழகிக்கொள்ளும். இரண்டு நாள் லீவு எடுத்துத் திரும்பினால் பழக்கம் போய் மறுபடி காய்ச்சல். ஆங்கிலேயர் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றார்கள். பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள நம்பிக்கை. பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. வெல்ட் செய்யும் இடத்தில் பூச்சை முதலில் அரைத்து எடுத்துவிட்டு, கதவைத் திறந்து, காற்று முதுகிலோ முகத்திலோ மோதாமல் பக்கவாட்டில் போகும்படி நின்றால் பாதி ஆபத்துக் குறையும்.

எல்லாவற்றிலும் நீண்ட தாமதம் இன்னொன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை, எந்த உலோகத்தினது என்று பாராமல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அது பேசப் பத்து, இருபது ஆண்டுகளாகலாம்.

நாகக் காய்ச்சலும் டெங்குவும் மற்ற வைரஸ் காய்ச்சல்களும் முதல் இரவில் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆகவே பட்டறையில் வேலை செய்கிறவர் இரவில் நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், வைத்தியரிடம் மற்றதையெல்லாம் சொல்லுமுன் இதைச் சொல்லுங்கள்: இன்றைக்குப் பகலில் எதை வெல்ட் செய்தீர்கள், கதவு திறந்திருந்ததா என்று.