விளைபொருள் பணத்தை இணையத் திருட்டிலிருந்து காப்பது எப்படி?

சாணார்பட்டி வட்டாரத்தில் மா, புளி, தென்னை, பூ ஆகியவற்றைச் சாகுபடி செய்யும் விவசாயிகளின் வரவு செலவு முன்பெல்லாம் கைப்பணமாகவே நடந்து வந்தது. இன்று மாந்தோப்புக் குத்தகை முன்பணம், திண்டுக்கல் மார்க்கெட்டில் பூ விற்ற தொகை, பயிர்க்கடன், அரசு உதவித்தொகை ஆகிய அனைத்தும் வங்கிக் கணக்கிற்கே வந்து சேருகின்றன. அந்தக் கணக்கின் திறவுகோல் நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் இருக்கிறது. தோப்பிற்கு வேலி போடும் விவசாயி இதற்கும் வேலி போட வேண்டியது அவசியம். ஒரு பருவத்து உழைப்பு முழுவதும் ஐந்து நிமிடத்தில் பறிபோகக்கூடும்.

கடவுச்சொல் கைமாறியதால் வந்த கேடு

பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் நிலமுள்ள விவசாயக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது. 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தகுதியற்றவர்கள் இலட்சக்கணக்கில் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது வெளிவந்தது. சுமார் 5.5 இலட்சம் பேர் பெயரில் ரூ.110 கோடிக்கு மேல் முறைகேடு நடந்ததாக அரசுத் தரப்பில் அறிவிக்கப்பட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. காவல்துறையிடம் சென்றது. விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போனதே இதற்கு வழியாயிற்று. எந்த இயந்திரமும் உடைக்கப்படவில்லை. பூட்டு நன்றாகவே இருந்தது, சாவிதான் கைமாறியது. இத்திருட்டுகளில் பெரும்பாலானவை இவ்வாறே நடைபெறுகின்றன.

திருட்டு நடக்கும் விதங்கள்

1. போலிச் செயலி: "பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டது, இதை இறக்கிக்கொள்ளவும்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு ஒன்று வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தும் வரலாம். ஏனெனில் அவருடைய கைப்பேசி முன்பே பாதிக்கப்பட்டிருக்கும். அதை நிறுவினால், நமக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கத் தொடங்கும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் நம் கண்ணில் படும் முன்பே திருடனிடம் போய்விடும். ரூ.2,000 தவணைக்கு ஆசைப்பட்டுக் கணக்கிலுள்ள முழுத் தொகையையும் இழக்க நேரிடும்.

2. போலி வியாபாரி: "உங்கள் மாங்காய் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் அனுப்ப இந்தப் படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அந்த எண்ணைப் போட்டால் நம் பணம் வெளியே செல்கிறது என்றே பொருள்.

3. கைரேகைத் திருட்டு: 2018-இல் தெலங்கானாவில், இணையத்திலிருந்த நிலப் பத்திரங்களின் கைரேகைகளை நகலெடுத்து ரப்பரில் அச்சு செய்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளைச் செயல்படுத்திய ஒருவர் கைதானார். ஆதார் கைரேகை வழியே வங்கிப் பணம் எடுக்கும் வசதியும் இவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்படலாம். இதில் ஓ.டி.பி. கேட்கப்படாது என்பதைக் கவனிக்கவும்.

தடுப்பு முறைகள்

• செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்கவும். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை யார் அனுப்பினாலும் திறக்க வேண்டாம். திட்டம் பற்றிய ஐயங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கேட்டறியவும்.

• விற்பனைத் தொகையும் கடன் தொகையும் வரும் கணக்கை ஒன்றாகவும், கைப்பேசி வழியே அன்றாடச் செலவு செய்யும் கணக்கை வேறாகவும் வைத்துக்கொள்ளவும். செலவுக் கணக்கில் சிறு தொகை மட்டும் இருக்கட்டும். பெருந்தொகை உள்ள கணக்கிற்குப் பதிவு செய்யும் எண்ணை, வீட்டிலுள்ள சாதாரண பட்டன் கைப்பேசியில் போட்டு வைப்பது நல்லது. அதில் இத்தகைய போலிச் செயலிகளை நிறுவ இயலாது.

• ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் இணையதளத்தில் உள்ளது. பூட்டிய பின் ரேஷன் கடையிலோ திட்டப் பதிவிலோ கைரேகை வைக்க வேண்டியிருந்தால், சிறிது நேரத்திற்குத் திறந்துகொள்ள வேண்டும். நகல் கொடுக்க நேரும்போது, கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுத்தால் போதுமா என்று கேட்டுப் பார்க்கவும்.

• இ-சேவை மையத்திலோ கணினிக் கடையிலோ பதிவு செய்தால், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லும் முன் அந்தக் குறுஞ்செய்தி எதற்காக வந்துள்ளது என்று படித்துப் பார்க்கவும். படிக்க இயலாதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தானியம் கொள்முதல் செய்யும் விவசாயிகள் கூட்டுறவு நிறுவனம் ஒன்றின் கணினிகளை 2021 செப்டம்பரில் திருடர்கள் முடக்கி, 59 இலட்சம் டாலர் கேட்டனர். அதே ஆண்டில் முடக்கப்பட்ட ஜே.பி.எஸ். என்ற பெரும் இறைச்சி நிறுவனம் 1.1 கோடி டாலர் கொடுத்து மீண்டது. நம் நிறுவனங்கள் சிறியவை எனினும், உறுப்பினர்களின் ஆதார் எண், கணக்கு எண், பட்டா விவரம் யாவும் அலுவலகக் கணினியில் உள்ளன. ஆகவே,

1. ஒவ்வொரு பணியாளருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும். அதை மேசையில் எழுதி ஒட்டக்கூடாது. வேலையை விட்டுச் செல்பவரின் கடவுச்சொல்லை அன்றே நீக்க வேண்டும்.

2. வாரம் ஒருமுறை கணக்குகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, இணைப்பை நீக்கிப் பீரோவில் பூட்டி வைக்க வேண்டும். கணினியுடன் இணைந்தே இருந்தால் அதுவும் சேர்ந்து முடங்கிவிடும்.

3. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உர நிறுவனத்தின் பெயரில் கடிதம் வந்தால், பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைப்பதே பெரிய நட்டம். திருடிய பணம் சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்கு மாற்றப்படுகிறது. உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னால், பணம் வெளியேறும் முன் அந்தக் கணக்குகளை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. அடுத்து வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளவும். கைப்பேசியின் இணைய இணைப்பை நிறுத்தவும். குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம், அவையே சாட்சி. மாவட்ட சைபர் குற்றக் காவல் பிரிவிலும் புகார் செய்யலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

1930 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் நாட்காட்டி அருகே இன்றே எழுதி வைக்கவும். மாங்காய் வரவு தொடங்கும் முன்பே மேற்கூறிய முறைகளைக் கடைப்பிடித்து, பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் காத்துக்கொள்ளுமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.