உப்புக்கு யார் கணக்கு எழுதுவது?

ஒரு டன் உப்புத் தோலைப் பதனிட்டால் கடைசியில் கைக்கு வரும் தோல் 200 முதல் 250 கிலோதான். முடி, சவ்வு, கொழுப்பு, சீவல், ஒட்டாமல் போன ரசாயனம் என்று மீதியெல்லாம் கழிவு. அதில் ஒரு பகுதி தண்ணீரோடு போகிறது. பதனிட்டு முடித்த ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்திருக்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ விவசாயத்துக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எண்ணிய 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது.

அதற்கு முன்னும் பின்னுமாக ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. தேவையான வேலைதான். ஆனால் கழிவு உண்டான பிறகு அதைத் துரத்திப் பிடிக்கிற வேலை அது. பிடித்த கழிவு மறைந்துபோவதும் இல்லை, சேறாகத் தேங்குகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 பேர் இறந்தார்கள்.

கழிவைப் பதனிடும் ட்ரம்மிலேயே குறைக்க முடியாதா? குரோம் விஷயத்தில் முடிந்திருக்கிறது. வழக்கமான முறையில் தோலைப் பதனிடப் போடும் குரோமில் 60, 70 சதவீதம்தான் தோலில் ஏறும். மிச்ச நீரைத் தனி வாய்க்காலில் பிரித்து, மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோம் அடியில் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி ட்ரம்மில் போடலாம். அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பும் இந்த முறையைப் பரப்பின. முதலாளிகள் காது கொடுத்ததற்குக் காரணம் எளிது: குரோமுக்கு விலை உண்டு. வாங்குபவரின் கண்ணும் அதன்மேல் இருக்கிறது. ஐரோப்பாவில் 2015 முதல், தோல் பொருளில் ஆறு இணைதிற குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் விற்க முடியாது.

உப்புக்கு இந்த யோகம் இல்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க 100 கிலோவுக்குச் சுமார் 40 கிலோ உப்பு தடவுகிறார்கள். ஊறவைக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கும். பிறகு அமிலத்தில் ஊறும்போது தோல் உப்பிவிடாமலிருக்க இன்னொரு தரம் உப்பு. நுண்ணுயிர்த் தொட்டிகள் கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது. எதிர்ச் சவ்வூடுபரவலில் வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கலாம். மின்சாரமும் விறகும் எரித்துக் கடைசியில் கிடைப்பது வாங்க ஆளில்லாத அழுக்கு உப்பு மூட்டை.

இத்தனைக்கும் ஊறவைக்குமுன் தோலை மரச்சட்டத்தில் அடித்து உதறினாலே ஒரு பகுதி உப்பு காய்ந்த நிலையில் கொட்டிவிடும். இதற்கு எந்திரம்கூட வேண்டாம், இரண்டு பேர் போதும். ஆனால் அந்த இரண்டு பேரின் கூலி, கொட்டிய உப்பின் விலையைவிட அதிகம். சுத்திகரிப்புக் கட்டணத்தை லிட்டர் கணக்கில் மட்டும் வாங்கினால், உதறியவருக்கும் உதறாதவருக்கும் ஒரே தொகைதான் வரும். கரைந்த உப்பின் எடைக்குக் கட்டணம் போட்டுப் பாருங்கள், மறுநாளே மரச்சட்டம் வந்துவிடும் என்பது என் கணிப்பு.

அடையாறு நிறுவனத்தின் நீரில்லா குரோம் பதனிடும் முறையில் அமில ஊறலே கிடையாது. அங்கே போகும் உப்பு மிச்சம். முடி நீக்கச் சுண்ணாம்புக்கும் சல்ஃபைடுக்கும் பதிலாக என்சைம், பதப்படுத்தும் உப்பையே குறைத்து வேறு கிருமித் தடுப்பான் என்று பலதும் சோதனையில் தேறியிருக்கின்றன. அறுத்த சில மணி நேரத்தில் தொழிற்சாலைக்கு வந்துவிட்டால் தோலுக்கு உப்பே வேண்டாம். ஆனால் ஆம்பூருக்கு வரும் தோலில் கணிசமானது வெளிமாநிலங்களிலிருந்து லாரியில் நாள்கணக்கில் பயணப்படுகிறது. உப்பைத் தடவுபவர் எங்கோ ஓர் அறுப்புக் கூடத்துப் பக்கம் நிற்கும் தோல் வியாபாரி. சட்டமும் அபராதமும் தொழிற்சாலைகள் இருக்கும் பாலாற்றங்கரையில் நிற்கின்றன, அவரிடம் போவதில்லை. குறைந்த உப்பில் வரும் தோலுக்கு நாலு ரூபாய் கூட்டிக் கொடுக்கத் தொழிற்சாலைக்காரர் முன்வந்தால் ஒழிய, மலிவான உப்பு மூட்டையை விட்டுவிட அந்த வியாபாரிக்கு ஒரு காரணமும் இல்லை. விற்கும் செருப்பில் உப்பு தங்குவதுமில்லை, அதனால் ஐரோப்பியக் கடைக்காரரின் ஆய்வகச் சீட்டில் அதற்கென்று ஒரு வரியும் கிடையாது.