கப்பலில் ஏறும் நாள்... தோளில் எந்தப் பை?

சிங்கப்பூர் மெரினா பே குரூஸ் சென்டர், மதியம் 12 மணி. டாக்ஸியிலிருந்து இறங்கியதுமே ஊழியர்கள் வந்து பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார்கள். கைப்பிடியில் அறை எண் போட்ட டேக் ஒன்றைக் கட்டுகிறார்கள். அவ்வளவுதான், பெட்டி உள்ளே போய்விடுகிறது. மறுபடி அதை நீங்கள் பார்ப்பது கப்பலில் உங்கள் அறை வாசலில்தான். அது மாலை 5 மணியாக இருக்கலாம், இரவுச் சாப்பாடு முடிந்து வரும் நேரமாகவும் இருக்கலாம்.

ரயிலில் பெட்டி நம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். விமானத்தில் இறங்கியதும் பெல்ட்டில் வந்துவிடும். கப்பல் கணக்கு வேறு. சில ஆயிரம் பேரின் பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்த்து, தளம் தளமாகப் பிரித்து, அறை அறையாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அறையும் உடனே கிடைக்காது. முந்தைய பயணிகள் காலையில்தான் இறங்கியிருப்பார்கள் என்பதால், சுத்தம் செய்து முடிக்க மதியம் 1 மணி, 2 மணி ஆகும். அதுவரை நீச்சல்குளம், சாப்பாட்டுக்கூடம், மேல்தளம் என்று சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஐந்தாறு மணி நேரமும் உங்களோடு இருப்பது தோளில் மாட்டிய பை மட்டும்.

2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட ஆரம்பித்தது. 2023 ஜூனில் அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. அதற்குப் பிறகு கப்பல் பயணம் நம் வீடுகளிலும் பேச்சில் வருகிறது. பேக்கேஜ் விலையையும் பால்கனி அறையையும் பற்றிப் பத்து பேரிடம் விசாரிக்கிறோம். பையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

கட்டைப்பை வேண்டாமே!

நம் குடும்பங்களில் கடைசி நிமிடத்தில் ஒரு பை முளைக்கும். பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுத்தபோது கொடுத்த கட்டைப்பை. பெட்டியில் அடங்காத துண்டு, முறுக்கு, சார்ஜர், பாட்டியின் சால்வை எல்லாம் அதற்குள் போய்விடும். பஸ்ஸுக்கு அது போதும். கப்பலுக்கு ஆகாது. வாய் திறந்தே இருப்பதால் எக்ஸ்ரே பெல்ட்டில் பாதிப் பொருள் வெளியே சரியும். எப்போதும் ஒரு கையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கப்பலில் ஏறும் சாய்தளத்தில் ஒரு கை குழந்தைக்கு, ஒரு கை கைப்பிடிக்கு என்று இரண்டுமே தேவைப்படும்.

சக்கரம் வைத்த சின்ன ட்ரோலி? விமானத்துக்கு வசதிதான். ஆனால் மதியம் முழுக்க அதை இழுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு நடந்து பாருங்கள், அப்போது தெரியும் சங்கடம். கரையில் இறங்கும் நாளில் அது எதற்கும் உதவாது.

இரண்டு தோளிலும் மாட்டும், 20 லிட்டர் அளவுள்ள பேக்பேக்தான் சரி. புதிதாக வாங்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஆபீசுக்கோ கல்லூரிக்கோ கொண்டுபோகும் லேப்டாப் பை பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. ஜிப் ஒழுங்காக மூடுகிறதா, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கப் பை இருக்கிறதா, தோள்பட்டை தையல் விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். விமான இருக்கைக்கு அடியில் நுழையும். பல விமானங்களில் கையில் எடுத்துப்போக 7 கிலோதான் அனுமதி. காலிப் பையே 2 கிலோ என்றால் எதை வைப்பது?

அதற்குள் மடித்து வைக்கக்கூடிய ஒரு சின்ன ஸ்லிங் பையும் இருக்கட்டும். ஏன் என்று பிறகு வருகிறது.

பெட்டிக்குள் போகக் கூடாதவை

முதலில் பாஸ்போர்ட். சிரிக்க வேண்டாம். பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டி, டேக் கட்டி அனுப்பிவிட்டு, செக்-இன் கவுன்ட்டரில் நிற்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். பாஸ்போர்ட், விசா, கப்பல் டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் அச்சுப் பிரதியோடு தோள்பையில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணம் என்றால் நீங்கள் அந்த நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவதற்கானதா என்று வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது மருந்து. இதில் விளையாடக் கூடாது. சுகர், பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா என்று எது இருந்தாலும் பயணம் முழுமைக்குமான மாத்திரை, அதற்கு மேல் மூன்று நான்கு நாளுக்கானது, எல்லாமே தோள்பையில். வார டப்பாவில் பிரித்துப் போட்டு எடுத்துப்போவதைவிட ஸ்ட்ரிப்போடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துப்போவது நல்லது. இன்சுலினை விமானத்தில் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கு அறையின் குளிரில் அது உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் பயன்படாது. கப்பல் அறையின் குட்டி ஃப்ரிட்ஜ் போதுமான அளவு குளிர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அறை ஊழியரிடம் கேட்டால் மருத்துவத் தேவைக்கு ஏற்பாடு செய்துதருவார்கள்.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் போன்றவற்றுக்கு அந்த நாட்டின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நம் ஊரில் டாக்டர் சாதாரணமாக எழுதிக்கொடுத்தது அங்கே சிக்கலாகிவிடக்கூடும்.

நகை, பணம், மூக்குக்கண்ணாடி, சார்ஜர் இவையும் தோள்பையில்தான். பவர்பேங்க்கை விமானத்தில் செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதியே கிடையாது. குழந்தைகள் இருந்தால் நீச்சல் உடை ஒரு செட் வையுங்கள். கப்பலில் ஏறி மேல்தளத்துக்குப் போனதும் அவர்கள் கண்ணில் முதலில் படுவது நீச்சல்குளமும் சறுக்கு விளையாட்டும்தான். உடை பெட்டியில் இருக்கிறது, பெட்டி சாயந்திரம்தான் வரும் என்று ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியவைப்பதற்கு அந்த நைலான் உடையைச் சுமப்பது எவ்வளவோ மேல்.

புளியோதரை? வேண்டாம். வீட்டில் சமைத்ததைப் பல கப்பல் நிறுவனங்கள் உள்ளே விடுவதில்லை. ஏறிய உடனே பஃபே திறந்திருக்கும், சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்றிரண்டு போதும்.

சரி, பெட்டி ஏன் சிலருக்கு 6 மணிக்கு வருகிறது, சிலருக்கு 10 மணிக்கும் வருவதில்லை? பெரும்பாலும் உள்ளே இருக்கும் பொருளால்தான். அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் கெட்டில், சின்ன ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஊதுபத்தி, கற்பூரம், பழம் நறுக்கும் பெரிய கத்தி... எக்ஸ்ரேயில் இவற்றில் ஒன்று தெரிந்தால் பெட்டி தனி அறைக்குப் போய்விடும். உரிமையாளரை அழைத்து, அவர் முன்னால் திறந்து, பொருளை எடுத்துவைத்துக்கொண்டு அனுப்புவார்கள். நடுக்கடலில் தீ என்பது சாதாரண விஷயம் இல்லை. 1985-ல் சென்னை-சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் பிடித்த தீ உயிர்களைப் பலிகொண்டது. அத்துடன் அந்தப் பயணிகள் சேவையே முடிவுக்கு வந்தது. அதனால் இந்தச் சோதனையில் கோபப்பட ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்துக் கப்பல்களில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. இங்கிலாந்துக் கப்பல் நிறுவனங்கள் டிரங்குப் பெட்டிகளில் லேபிள் ஒட்டுவார்கள். அறைக்கு வேண்டியதற்கு ஒன்று, பயணத்தின் நடுவே தேவைப்படுவதற்கு ஒன்று, இறங்கும்வரை வேண்டாததற்கு ஒன்று. இன்றும் மூட்டை கட்டும் முன் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி இப்படி மூன்றாகப் பிரித்துப் பார்த்தால், தோள்பைக்கு எது என்பது தானே தெரிந்துவிடும்.

கரையில் இறங்கும் நாள்

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் கேள்வியே வேறு. முதல் நாள் பெட்டி நம்மிடம் இல்லை. இந்த நாளில் கப்பலே நம்மிடம் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து வழக்கமாகப் போகும் இரண்டு ஊர்களைப் பாருங்கள். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராகவே வந்து ஒட்டி நிற்கும். இறங்கி நடந்தால் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியாவும் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரத்தில். வெயில் தாங்கவில்லை என்றால் திரும்பிவந்து கப்பலில் சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கலாம். இந்த ஊருக்கு அந்தச் சின்ன ஸ்லிங் பை போதும். குடை, தண்ணீர், கொஞ்சம் ரிங்கிட், கோயிலுக்குள் போக ஒரு துப்பட்டா.

புக்கெட்டில் அப்படி முடியாது. பதோங் கடற்கரைக்கு வரும் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பல் வயிற்றிலிருந்து ஆடும் படகில் கால் வைக்கும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். மறந்ததை எடுக்கத் திரும்பிப் போவது என்றால் மறுபடி வரிசை, மறுபடி படகு. இங்கே பேக்பேக்தான். மாற்று உடை, துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், தாய்லாந்துப் பணம் சில்லறையாக, படகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர் சொன்ன வாந்தி மாத்திரை. அதைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒரு கைக்கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், கரையில் கால் வைத்ததும் போன் மட்டும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். எல்லோரும் 5 மணிக்குள் ஏற வேண்டும் என்று கப்பலில் சொல்லியிருப்பார்கள். போனில் 4 மணிதானே என்று இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பலில் அப்போது 5. இறங்கும் முன் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.

கப்பல் காத்திருக்குமா? நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள், இல்லையென்றால் அடுத்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களாக டாக்ஸி பிடித்துச் சுற்றப் போனால் காத்திருக்க மாட்டார்கள். துறைமுகக் கட்டணமும் அடுத்த ஊர் அட்டவணையும் ஒரு குடும்பத்துக்காக மாறுவதில்லை. பிறகு அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

அப்படி ஒரு மாலை வந்தால் என்பதை நினைத்துத்தான் கரைப்பையை நிரப்ப வேண்டும். அன்றிரவுக்கும் மறுநாள் காலைக்கும் மாத்திரை. ஒரு கிரெடிட் கார்டு. சார்ஜ் உள்ள பவர்பேங்க். பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வைத்துக்கொள்கிறார்களா, கையில் தருகிறார்களா என்பது பயணத்துக்குப் பயணம் மாறும். கரைக்கு எடுத்துப்போகச் சொன்னால் ஜிப் போட்ட உள்பையில் வையுங்கள், இல்லையென்றால் நகல் கட்டாயம். தினமும் கப்பலில் கொடுக்கும் நிகழ்ச்சிநிரலில், அந்த ஊரில் கப்பலுக்கான ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருக்கும். தாளாகக் கொடுத்தாலும் செயலியில் வந்தாலும் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டவர்கள் முதலில் கூப்பிட வேண்டிய எண் அதுதான்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றியாக வேண்டும். நால்வரின் அடையாள அட்டை, பணம், போன், மருந்து எல்லாவற்றையும் அப்பாவின் ஒரே பையில் போட்டுவிடுகிறோம். பொறுப்பு ஓரிடத்தில் இருக்கட்டும் என்ற எண்ணம். சந்தைக் கூட்டத்தில் அம்மா இரண்டு கடை பின்தங்கினால் அவர் கையில் என்ன இருக்கும்? பையில் கடலை உருண்டையும் ஒரு கர்ச்சீப்பும். கப்பலில் தரும் அட்டைதான் அறைச் சாவி, அதுதான் திரும்ப ஏறுவதற்கான அனுமதி. அவரவர் அட்டை அவரவர் கழுத்தில் தொங்க வேண்டும். மாத்திரையை இரண்டு பேர் பையில் பிரித்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். கப்பலின் பெயர், படகுத்துறையின் பெயர், திரும்ப வேண்டிய நேரம், மகனின் போன் எண், எல்லாம் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில். அதை நீட்டினால் எந்த ஊர் டாக்ஸிக்காரரும் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

கடைசி இரவு

இறங்குவதற்கு முந்தைய இரவு பெரிய பெட்டியை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். இரவோடு இரவாக எடுத்துப்போய்விடுவார்கள். காலையில் பார்க்க முடியாது, கரையில் குவித்து வைத்திருக்கும் இடத்தில்தான் கிடைக்கும். எனவே அதற்கு முன்னாலேயே காலையில் போட வேண்டிய உடை, உள்ளாடை, செருப்பு, பிரஷ், மாத்திரை எல்லாம் தோள்பைக்கு வந்துவிட வேண்டும். சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, விடிந்ததும் நைட்டியும் குளியலறைச் செருப்புமாக இமிக்ரேஷன் வரிசையில் நின்றவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.