விண்டோஸ், மேக் ரெண்டிலும் ஓடணுமா? ஹார்ட் டிஸ்க்கை இப்படி ஃபார்மட் பண்ணுங்க!

திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மகாதீபம். 2,668 அடி மலை உச்சியில் ஜோதி தெரிவதை வீடியோ எடுத்து, விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டாச்சு. நண்பரின் மேக்கில் செருகினால் வீடியோ ஓடுது. ஆனா, எடிட் செய்ததை அதே டிஸ்க்கில் சேமிக்க முடியலை. ஏன்?

டிஸ்க்கில் பழுது இல்லை. அது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். மேக் அதைப் படிக்கும், எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ்ஸை விண்டோஸ் படிக்கவே படிக்காது. பழைய ஃபேட்32 எல்லாத்திலும் ஓடும். ஆனா 4 ஜிபி அளவுள்ள ஒரே ஃபைலை ஏற்காது. நீளமான வீடியோ அதைச் சுலபமா தாண்டிடும்.

தீர்வு, எக்ஸ்ஃபேட். 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த இந்த முறை விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதும். 2019-ல் அதன் தொழில்நுட்ப விவரங்கள் வெளியான பிறகு, லினக்ஸிலும் நேரடியாக இடம்பிடித்தது.

எப்படிச் செய்வது?

விண்டோஸ்: டிரைவ் மேல் ரைட் கிளிக் > ஃபார்மட் > எக்ஸ்ஃபேட்.

மேக்: டிஸ்க் யுட்டிலிட்டி > இரேஸ் > எக்ஸ்ஃபேட்.

கவனம்! ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ள எல்லாமே அழிந்துவிடும். முதலில் வேறு இடத்தில் காப்பி எடுங்க. எக்ஸ்ஃபேட்டில் என்டிஎஃப்எஸ் அளவுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு கிடையாது. பாதியில் பிடுங்கினால் ஃபைல் கெடலாம். ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கழற்றுங்க. அடுத்த மகாதீபத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கணுமே!