உஷார்! நிலம் ஆடினால் உங்கள் பீரோ யார் மேல் விழும்?

உங்கள் வீட்டுக் குழந்தை படுக்கும் இடத்தை இப்போதே போய்ப் பாருங்கள். தலைமாட்டில் இரும்பு பீரோ நிற்கிறதா? அதன் உச்சியில் பழைய சூட்கேஸும் பித்தளைப் பாத்திர மூட்டையும் இருக்கின்றனவா? அப்படியென்றால் இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் படுக்கையை இடம் மாற்றிப் போடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

நிலம் பிளந்து மனிதர்களை விழுங்குவதெல்லாம் சினிமாவில்தான். நிஜத்தில் உயிரைப் பறிப்பவை சுவர், கூரை, பரணிலிருந்து சரியும் சாமான்கள், நெருப்பு. எல்லாமே நம் வீட்டுக்குள் இருப்பவை. அதனால் தடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

‘நம்ம ஊருக்கு வராது’

1993 செப்டம்பர் 30, அதிகாலை நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு. மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி கிராமமும் சுற்றுவட்டாரமும் விநாயகர் ஊர்வலம் முடிந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. 6.2 அளவில் நிலம் குலுங்கியது. மண் சாந்தில் அடுக்கிய பருமனான கல்சுவர்களும், மண் போட்டு மூடிய கனத்த கூரைகளும் தூங்கியவர்கள் மேலேயே இறங்கின. ஏறக்குறைய 10,000 பேர் இறந்துபோனார்கள். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அந்தப் பகுதி மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலத்தில் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தமிழ்நாடும் விதிவிலக்கல்ல. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியைச் சுமார் 6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் ஏற்பட்ட அதிர்வு சென்னைவாசிகளை வீட்டைவிட்டுத் தெருவுக்கு விரட்டியது. 2002இல் நாட்டின் நிலநடுக்க வரைபடம் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. மிதமான ஆபத்து என்று அதற்குப் பொருள். ஆபத்தே இல்லை என்று பொருளல்ல.

தூண் மேல் நிற்கும் ஃபிளாட்

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் ஆடியது. 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் நொறுங்கி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல, தரைத்தளத்தில் கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டு மேலே செங்கல் சுவர் எழுப்பிய கட்டடங்கள். மேல்தளங்கள் விறைப்பாக நிற்க, ஆட்டம் மொத்தத்தையும் கீழே இருக்கும் தூண்களே தாங்க வேண்டியிருக்கும். அவை முறிந்தால் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிடும்.

நம் நகரங்களில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இதே அமைப்புதான். உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துத் தூண்களைச் சோதியுங்கள். தரைத்தளத்தில் கான்கிரீட் சுவர் சேர்த்தும், தூண்களைப் பருமனாக்கியும் பலப்படுத்த வழி உண்டு. ஹாலை அகலப்படுத்தப் பொறியாளரைக் கேட்காமல் சுவரை இடிப்பதையும், தூணையும் உத்திரத்தையும் கொத்துவதையும் அடியோடு நிறுத்துங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்

* பீரோ, புத்தக அலமாரி, ஃபிரிட்ஜ் மூன்றையும் இரும்புப் பட்டையும் ஸ்க்ரூவும் போட்டுச் சுவரோடு பிணையுங்கள். டிவியையும் கட்டுங்கள்.
* பரணில் இருக்கும் கிரைண்டர் கல், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் கீழே இறங்கட்டும். கனமானவை எப்போதும் கீழ்த்தட்டில்.
* கட்டிலுக்கு மேலே சட்டமிட்ட கண்ணாடிப் படம் வேண்டாம்.
* கேஸ் ரெகுலேட்டரையும் மின்சார மெயினையும் அணைக்க வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், பத்து வயதுப் பிள்ளை உட்பட.
* ஒரு பையில் டார்ச், விசில், முதலுதவிப் பொருட்கள், பெரியவர்களின் மாத்திரைகள், ஆதார் நகல், கொஞ்சம் ரொக்கம், பிஸ்கட். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று மூன்று நாளுக்குத் தண்ணீர்.
* ஒவ்வொருவரின் கட்டிலருகிலும் ஒரு ஜோடி செருப்பு. இருட்டில் உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது.
* பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது? சுவரும் மின்கம்பியும் இல்லாத ஒரு திறந்தவெளியை இன்றே முடிவு செய்யுங்கள்.

ஆடும்போது ஓடாதீர்கள்!

இதுதான் மிக முக்கியம். நிலம் ஆடினால் கால்கள் தாமாக வாசலுக்குத்தான் ஓடும். ஆனால் ஆட்டம் பெரும்பாலும் சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மூன்றாம் மாடியிலிருந்து அதற்குள் இறங்க முடியாது, மாடிப்படியில் சிக்கிக்கொள்வீர்கள். வெளியே வந்தாலும் குறுகிய தெரு என்றால் பத்திரமில்லை. அதே குஜராத் நிலநடுக்கத்தில், அஞ்சார் நகரின் ஒடுங்கிய தெருவில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் இருபுறக் கட்டடங்களும் சரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் அங்கேயே மாண்டார்கள்.

ஆகவே, மண்டியிடு, மறைந்துகொள், பிடித்துக்கொள். உறுதியான மேஜைக்கு அடியில் நுழைந்து, ஒரு கையால் தலையையும் கழுத்தையும் மூடி, மறு கையால் மேஜைக் காலைப் பிடியுங்கள். மேஜை நகர்ந்தால் நீங்களும் கூடவே நகருங்கள். மேஜை இல்லையா? ஜன்னலும் அலமாரியும் இல்லாத உட்சுவர் ஓரம் குனிந்து தலையை மூடுங்கள். படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம். குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர் பிரேக்கைப் போட்டுவிட்டுக் குனிந்து தலையைக் காக்கட்டும். அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அணைத்துவிட்டு விலகுங்கள். லிஃப்ட் பக்கமே போகாதீர்கள்.

கனத்த கூரை போட்ட பழைய மண்வீடு, நீங்கள் தரைத்தளத்தில் வாசலருகே நிற்கிறீர்கள், வெளியே திறந்த முற்றம் இருக்கிறது என்றால் மட்டும் உடனே வெளியேறுங்கள்.

நின்ற பிறகும் உஷார்

பின்னதிர்வுகள் நிச்சயம் வரும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட சுவர் அடுத்த ஆட்டத்தில் விழலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள். கேஸ் வாடை அடித்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். இடிபாட்டில் சிக்கினால் கத்திக் கத்திச் சோர்ந்துவிடாமல் விசில் ஊதுங்கள், குழாயைத் தட்டுங்கள். உதவிக்கு 112. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 காலை சென்னையில் பலர் அதிர்வை உணர்ந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் சுனாமி அலை வந்தது. அந்த நேரம் வீணாகிப் போனதற்கு நாம் கொடுத்த விலை ஊரறிந்தது. கரையோரத்தில் நிலம் பலமாக ஆடினாலோ, வெகுநேரம் ஆடினாலோ, கடல் உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி நடங்கள். கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்க ஒருவரும் இறங்கக் கூடாது.

“இன்று இரவு இத்தனை மணிக்கு நிலநடுக்கம்” என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் அறிவியல் உலகில் எங்குமே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் நிலநடுக்க எச்சரிக்கை வசதி உண்டு. அதை இயக்கி வையுங்கள். அதுவும் தரப்போவது சில நொடிகள்தான். மேஜைக்கு அடியில் நுழைய அது போதும். பீரோவைச் சுவரோடு கட்ட அது போதாது. அந்த வேலையை முன்னதாகவே முடித்தாக வேண்டும். இன்று சாயங்காலம் ஹார்டுவேர் கடைக்குப் போய் இரும்புப் பட்டையும் ஸ்க்ரூவும் வாங்கி வாருங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன், பாட்டி முதல் பேரன் வரை எல்லோரையும் ஒருமுறை மேஜைக்கு அடியில் நுழையச் சொல்லிப் பழக்குங்கள்.