தோட்ட வண்டியின் அச்சு மூட்டுக்கு ஏற்ற ரப்பர் உறை: அளவெடுத்து வாங்கும் முறை

தென்னந்தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் காய், தார், தொழு உரம் ஆகியவற்றை ஏற்றிச் செல்ல, பழைய காரின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் கொண்டு உள்ளூர்ப் பட்டறையில் கட்டிய சிறு வண்டிகளைச் சில விவசாயிகள் வைத்திருக்கின்றனர். இத்தகைய வண்டி பதிவு பெறாதது. பொதுச் சாலைக்கு உரியதன்று. தோட்டத்துக்குள் மட்டுமே ஓட்டத்தக்கது. வேலை நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஏதேனும் ஒரு பாகம் கெட்டுவிட்டால் சிக்கல் தொடங்குகிறது. "எந்த வண்டிக்கு?" என்று உதிரி பாகக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடிவதில்லை. அவ்வாறு முதலில் கெடும் பாகங்களுள் ஒன்று, அச்சு மூட்டின் மேல் உள்ள ரப்பர் உறை. பட்டறைக்காரர்கள் இதனை 'பூட்' என்பர்.

முன் சக்கரத்தால் இழுக்கப்படும் கார்களில், கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் அச்சின் இரு நுனிகளிலும் ஒவ்வொரு மூட்டு உண்டு. 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சக்கரத்தின் பக்கம் உள்ள மூட்டில் ஆறு எஃகுக் குண்டுகள், ஆறு பள்ளங்களில் ஓடுகின்றன. இந்த மூட்டுக்குக் கிரீஸ் நிப்பிள் கிடையாது. கட்டும்போது வைத்த கிரீஸ்தான் கடைசி வரை. அந்தக் கிரீஸை உள்ளே காப்பதும், புழுதியையும் சேற்றையும் வெளியே நிறுத்துவதும் இந்த மடிப்பு மடிப்பான ரப்பர் உறையே. (ஆம்னி வேனின் பாகங்களால் கட்டிய வண்டிக்கு இது பொருந்தாது. அது பின் சக்கர இழுவை வண்டி. அதில் உள்ளது சிலுவை மூட்டு.)

உறை கிழிந்தால் வண்டி உடனே நிற்பதில்லை. அதனால்தான் பலர் கவனிக்காமல் விடுகின்றனர். சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறிவிடும். மணல் உள்ளே புகுந்து, மிச்சமுள்ள கிரீஸுடன் சேர்ந்து சாணை பிடிக்கும் மாவுபோல் குண்டுகளைத் தேய்த்துவிடும். காரில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று ஓசை கேட்கும், அது எச்சரிக்கை. ஆனால் தோட்ட வண்டிகள் பலவற்றில் காரின் முன் அச்சைப் பின்புறத்தில் பொருத்தியிருப்பர். அந்தச் சக்கரங்கள் திரும்புவதில்லை. எனவே அந்த ஓசையும் எழுவதில்லை. குனிந்து பார்த்தால்தான் தெரியும். சக்கரத்தின் உட்புறத்திலும் அடித்தட்டிலும் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. ஒரு பக்க மூட்டு உடைந்து கழன்றால், கியரில் போட்டிருந்தாலும் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் ஏற்றிய வண்டி சரிவில் தானே உருளும். கைப் பிரேக் வைக்காமல் கட்டிய வண்டிகளில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சைக்கிள் டியூப் உதவாது

கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுக் கம்பியால் முறுக்கி விடுவது வழக்கம். சாதாரண டியூப் ரப்பர் கிரீஸில் ஊறிப் பருத்து, நாளடைவில் கூழாகிவிடும். கம்பியோ உறையின் நல்ல பகுதியையும் அறுத்துவிடும். மூட்டு உறைக்கு எண்ணெய் தாங்கும் நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பரே ஏற்றது. நீளவாக்கில் பிளந்து ஒட்டும் உறைகள் அவசரத்துக்கு உதவும்; ஒட்டும் விளிம்பில் சிறிது கிரீஸ் பட்டாலும் பிரிந்துவிடும். அறுவடை முடியும் வரை சமாளிக்கலாம், அவ்வளவே.

ரப்பரை அளக்காதீர், இரும்பை அளங்கள்

வண்டியைக் கட்டிய பட்டறையில், எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்தது என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரு காரின் அச்சுத் தண்டில் வேறொரு காரின் மூட்டைப் பொருத்தியிருப்பது சாதாரணம். வலது அச்சும் இடது அச்சும் வெவ்வேறு வண்டியிலிருந்து வந்திருக்கவும் கூடும். பழைய உறையைக் கையில் எடுத்துச் சென்று "இதே போல் கொடுங்கள்" என்று கேட்பதும் ஏமாற்றத்தில் முடியும். கிரீஸில் ஊறிய பழைய உறை, தன் உண்மை அளவைவிடப் பெரிதாகிப் போயிருக்கும். அதன்மேல் அச்சிட்ட எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளலாம். அதுவே பழைய உறையால் கிடைக்கும் பயன்.

அளக்க வேண்டியவை மூன்று. உறையின் சிறிய வாய் உட்காரும் தண்டுப் பள்ளத்தின் விட்டம் ஒன்று. பெரிய வாய் உட்காரும் மூட்டுக் கிண்ணத்தின் வெளி விட்டம் மற்றொன்று. சக்கரம் தரையில் நிற்கும் நிலையில் இவ்விரு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் மூன்றாவது. லேத் பட்டறையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் அளந்து தாளில் எழுதிக் கொள்ள வேண்டும். கியர் பெட்டிப் பக்கத்துக் கிண்ணம் சில கார்களில் முழு வட்டமாக இராமல் மூன்று புடைப்புகளுடன் இருக்கும். அதற்கு வட்ட வாய் உறை பொருந்தாது. வடிவத்தையும் வரைந்து எடுத்துச் செல்லுங்கள்.

இந்தத் தாளுடன் சென்றால், காரின் பெயர் தெரியாவிட்டாலும் கடைக்காரர் நான்கைந்து உறைகளை எடுத்துப் போட்டு ஒப்பிட முடியும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் மூட்டுகள் கிடைக்கும். ஆனால் உறையைப் பழையதாக வாங்குவது வீண் செலவு. வாய் ஓரிரு மில்லிமீட்டர் சிறிதாக இருந்து இழுத்து மாட்டும்படி இருந்தால் தவறில்லை. பெரிதாக இருப்பதைக் கிளாம்ப் போட்டு இறுக்கிச் சரிசெய்ய நினைப்பது கூடாது. மடிந்த இடத்தின் வழியே கிரீஸ் கசியும்.

மாட்டும்போது

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் கட்டை கொடுத்து, மற்றச் சக்கரங்களுக்கு அணை வைத்த பின்னரே அடியில் கை வைக்க வேண்டும். மூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி நன்கு உலர்த்திப் பாருங்கள். குண்டிலோ பள்ளத்திலோ பொரிந்தாற்போல் குழிகள் இருந்தால் புது உறை போட்டுப் பயனில்லை. மூட்டையே மாற்ற வேண்டும். கிழிந்த சில நாளிலேயே கவனித்தவருக்கு இந்தச் செலவு பெரும்பாலும் நேராது. கழுவிய எண்ணெயை வாய்க்காலில் கொட்டக் கூடாது.

உறையுடன் வரும் பொட்டலத்தில் மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ் இருக்கும். பாதியை மூட்டுக்குள் அழுத்தித் திணித்து, மீதியை உறைக்குள் இட வேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் இதற்கு ஈடாகாது. கிளாம்பை இறுக்குமுன் சிறிய வாயின் விளிம்பை மழுங்கிய கம்பியால் சற்றுத் தூக்கி, உள்ளே அடைபட்ட காற்றைச் சமன்செய்தால் உறை உப்பாமலும் ஒடுங்காமலும் இருக்கும்.

புது உறையும் சில வாரங்களில் கிழிந்தால் குற்றம் ரப்பருடையதன்று. எஞ்சினை உயரத் தூக்கிப் பொருத்தியதால் அச்சு எப்போதும் சாய்ந்தே சுழலும். மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி அறும். பட்டறையில் எஞ்சின் தாங்கியைச் சிறிது இறக்கச் சொல்ல வேண்டும். புகைக்குழாய் அருகில் இருந்தாலும் ரப்பர் வெந்து வெடிக்கும். வாழை நாரும் வைக்கோலும் அச்சில் சுற்றிக்கொண்டு உறையை இறுக்குவது தோட்ட வண்டிக்கே உரிய தொல்லை. வாரம் ஒரு முறை எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் பிரித்தெடுங்கள். கத்தி வைத்து அறுக்கும்போது உறையும் சேர்ந்து அறுபட்ட கதைகள் உண்டு.

பொருந்தும் உறை ஒருமுறை கிடைத்துவிட்டால் அதன் எண்ணையும் மூன்று அளவுகளையும் வண்டிச் சட்டத்தில் பெயிண்டால் எழுதி வைக்கலாம். கூடுதலாக ஓர் உறை வாங்கி வைப்போர் அதனைப் பம்புசெட் அறையில் மாட்டக் கூடாது. ஓடும் மின் மோட்டாரின் அருகே உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரை வெடிக்கச் செய்யும். வெயில் படாத இடத்தில், எலி கடிக்காதபடி மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பது நல்லது.