மேசை மேல் ஒரு மங்கு: வீட்டுப் பழம்பொருள்களைக் காப்பது எப்படி?

தோட்டத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோகும் நாளில், லாரியில் ஏறாமல் பின்தங்கிவிடும் சாமான்கள் சில உண்டு. தாத்தாவின் பால்மரம் வெட்டும் உளி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, களிம்பேறிய பித்தளை ஆழாக்கு, மை காய்ந்துபோன பேனா. “அங்கே இதற்கெல்லாம் இடம் ஏது?” என்ற ஒரே கேள்வியில் அவை பழைய இரும்பு வாங்க வருபவரின் வண்டிக்குப் போய்விடுகின்றன. சில ஆண்டுகள் கழித்து அதே போன்ற பொருளைப் பழம்பொருள் சந்தையில் கண்டு, விலை கேட்டு வாயடைத்து நிற்பதும் அதே குடும்பங்கள்தான்.

அடுக்குமாடி வீட்டில் இடம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் பிள்ளைகள் படிக்கவோ பெரியவர்கள் கணினியில் வேலை பார்க்கவோ ஒரு மேசை இல்லாத வீடு இன்று அரிது. அந்த மேசையில் மூன்று நான்கு பழைய பொருள்களுக்குத் தாராளமாக இடம் உண்டு. தோட்ட வாழ்க்கையில் மேசை என்பது ஆபீஸ் கிராணிக்கு உரியதாக இருந்தது. சம்பள நாளில் தொழிலாளி அதற்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் பழக்கம். அவருடைய பேரப்பிள்ளை இன்று தனக்கென்று ஒரு மேசையில் அமரும்போது, அவர் கையாண்ட கருவி அங்கே இருப்பது பொருத்தமானது.

எது ஆன்டிக், எது வின்டேஜ்?

நூறு ஆண்டுகளைக் கடந்த பொருளையே ஆன்டிக் என்பது வணிகர்களின் பொது வழக்கு. அதற்கு இளையதாகவும், தன் காலத்தின் அடையாளத்தைத் தாங்கியதாகவும் உள்ள பொருள் வின்டேஜ். தோட்டத்து வீடுகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. விலை குறைவு என்பதற்காக அவற்றின் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டியதில்லை.

எதை எதற்குப் பயன்படுத்தலாம்?

பழைய பொருளுக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அது மேசையில் நிலைக்கும். இல்லையென்றால் தூசி படிந்து மீண்டும் பெட்டிக்குள் போய்விடும். ஆழாக்கில் பேனாக்களைச் செருகலாம். அறைகள் கொண்ட வெற்றிலைப் பெட்டியில் கிளிப், ஊசி, சாவி ஆகியவற்றைப் பிரித்து வைக்கலாம். மளிகைக் கடைத் தராசின் பழைய எடைக்கற்கள் தாள் பறக்காமல் பிடிக்க ஏற்றவை. 16 தஹில் கொண்ட ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம் என்ற கணக்கையும் பிள்ளைகள் அதைத் தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

பால் சேகரித்த மங்கிற்கும் ஒரு வரலாறு உண்டு. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வருவதற்கு முன், மெருகு பூசிய மண் மங்குகள் புழக்கத்தில் இருந்தன. சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்தில் சீனர்கள் நடத்திய டிராகன் சூளைகளில் அவை சுடப்பட்டன. 1940-இல் கட்டப்பட்ட தாவ் குவாங் சூளை இன்றும் அங்கே இருக்கிறது. ஓரம் உடைந்த மண் மங்கு கிடைத்தால்கூட வீசிவிட வேண்டாம். சில்லறையும் அழிப்பானும் போட்டு வைக்கலாம்.

உளியை வைக்கும்போது அதன் முனைக்குத் தக்கை அல்லது ரப்பர் துண்டு செருகிவிட வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதே பாதுகாப்பு.

உளிக்குப் பக்கத்தில் பழைய மைப்பேனா இருந்தால் அது தற்செயலான சேர்க்கை அல்ல. அக்காலப் பேனாக்கள் பலவற்றின் உடல், ரப்பருடன் கந்தகம் சேர்த்து இறுக்கிய எபனைட்டால் ஆனது. உள்ளே மை தேங்கும் பையும் ரப்பர்தான். மரம் வெட்டியவரின் பாலும் கணக்கு எழுதியவரின் பேனாவும் ஒரே பொருளின் இரு முனைகள்.

வசதி இருந்தால் தட்டச்சுப்பொறி ஒன்றும் வைக்கலாம். தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா, யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்த மண்ணுக்கு வந்து வேலை பார்த்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பளபளப்பு வேண்டாம்

பழம்பொருளுக்கு அதிகக் கெடுதல் செய்வது அக்கறையுடன் துலக்கும் கைதான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பித்தளை மின்னும். அதோடு பல ஆண்டுகளாகப் படிந்த கருநிறமும், நுண்ணிய எழுத்தும், கை பட்டுத் தேய்ந்த தடமும் மறையும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பூசைக்குப் பயன்படும் விளக்கைத் துலக்குவது வேறு. காட்சிக்கு வைக்கும் பொருள் வேறு.

இரும்பில் உதிரும் துருவை மட்டும் மெல்ல நீக்கி, தையல் இயந்திர எண்ணெயை லேசாகத் தடவலாம். நாணயங்களைத் துலக்கவே கூடாது. துலக்கிய நாணயத்தின் மதிப்பு சரிந்துவிடும். பேனா முள்ளில் உறைந்த மையைச் சாதாரண நீரில் ஊற வைத்துக் கரைக்கலாம். சுடுநீரும் ஸ்பிரிட்டும் ஆகாது. எபனைட் உடலை நீரில் ஊறப் போட்டாலோ வெயிலில் வைத்தாலோ கருமை போய்ப் பழுப்பேறிவிடும். தட்டச்சுப்பொறியில் எண்ணெயை ஊற்றினால் தூசி ஒட்டி எழுத்துக் கம்பிகள் இறுகிவிடும். மென்தூரிகையால் தட்டி எடுப்பதே நல்லது.

தாள்களுக்குத் தனிக் கவனம் தேவை. பழைய செக்ரோல் புத்தகம், சம்பளச் சீட்டு, 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் ஒரு பக்கம் போன்றவை கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. வண்ண நகல் எடுத்து அதைச் சட்டமிட்டு மேசையில் வைத்துவிட்டு, அசலை மடிக்காமல், அமிலமற்ற தாள் உறையில் இருட்டான இடத்தில் வையுங்கள்.

நம் நாட்டின் ஈரக்காற்று எல்லாவற்றுக்கும் பகை. மேசையைச் சன்னலோர வெயிலிலிருந்தும், குளிர்சாதனத்தின் நேர்க்காற்றிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். மரப்பொருளின் அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது என்று பொருள். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

வாங்கும்போது கவனம்

வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை என்பவர்கள் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால், ஈப்போ லொக்கேன், பினாங்கு லோரோங் கூலிட் போன்ற சந்தைகளில் தேடலாம். சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடப்பட்டுவிட்டது. ஒரே மாதிரி பத்துப் பொருள் அடுக்கியிருந்தால் அவை புதிதாகச் செய்து பழசாக்கப்பட்டவையாக இருக்கலாம். கை பிடிக்கும் இடத்தில் தேய்மானம் இருக்கிறதா, திருகாணிகள் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய பழைய கடிகாரங்கள் உண்டு. ஒளி மங்கிவிட்டாலும் ரேடியத்தின் கதிர்வீச்சு நூற்றாண்டுகள் நீடிக்கும். அவற்றின் கண்ணாடியைத் திறக்கக் கூடாது. பழைய மேசை விளக்கு வாங்கினால், மின்பணியாளரிடம் கொடுத்து வயரை மாற்றிய பிறகே செருகுங்கள். தந்தத்தால் ஆன பொருள்களைத் தவிர்ப்பது நல்லது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை உள்ளது.

ஒரு சீட்டு எழுதி வையுங்கள்

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேலைக்குக் காசு செலவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு சீட்டு எழுத வேண்டும். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகளில் பயன்பட்டது, யார் கொடுத்தது என்ற நான்கு விவரங்கள் போதும். பொருளின் மீது ஒட்டாமல், அடியிலோ உறையிலோ வைத்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம்.

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயங்கள் இருந்த இடத்தை அடையாளம் காட்டப் பெயர்ப்பலகைகூட இல்லாத ஊர்கள் உண்டு. அந்த விவரங்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். வருகிற தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போது, உளியையோ மங்கையோ பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் தாளும் பேனாவும் இருக்கட்டும்.